தார்சாவில் குடியிருந்த கிருமி: ஒரு மூளைச்சவ்வு அழற்சியின் நிகழ்வு ஆய்வு

மார்கழியில் ஒரு நாள், விடியப் போகிற நேரம். ஆச்சியின் இடுப்பில் குழந்தை, பின்னால் பையும் தூக்குவாளியுமாக அம்மா. "வலிப்பு வந்திட்டு டாக்டரம்மா, கண்ணு மேல சொருவிட்டு" என்றார் ஆச்சி.

பெண் குழந்தை, 14 மாதம், எடை 8 கிலோ 200 கிராம். அம்பாசமுத்திரத்துக்கும் முக்கூடலுக்கும் நடுவே ஆற்றங்கரை ஊர். வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் சுளவு வைத்துப் பீடி சுற்றுகிற ஊர்களில் ஒன்று. இதற்கு மேல் அடையாளம் வேண்டாம். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

5 நாளாகச் சளி. 3-ஆவது நாள் இடது காதில் சீழ் வடிந்திருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு அமாக்சிசிலின் சிரப் வாங்கி 2 நாள் கொடுத்திருக்கிறார்கள். 4-ஆவது நாள் ராத்திரி காய்ச்சல் 103 டிகிரி. விடியற்காலையில் கை கால் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது, சுமார் 3 நிமிடம்.

காய்ச்சலோடு வருகிற வலிப்பு இந்த வயதில் சர்வசாதாரணம். பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போய்விடும். என்னைச் சந்தேகப்பட வைத்தது ஆச்சி சொன்ன ஒரு வார்த்தைதான்: "எல்லாப் புள்ளையும் தூக்குனா அடங்கும். இது தூக்குனா கத்துது, கீழ கெடத்துனா சும்மா கெடக்கு." பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி செலவழித்துச் சொல்லியிருக்கிற அறிகுறி இது. தூக்கும்போது முதுகு வளைகிறது, வீங்கிய சவ்வு இழுபடுகிறது, வலிக்கிறது. இந்த வயதில் கழுத்து விறைப்பைத் தேடிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். தலையைத் தடவிப் பார்த்தேன். இன்னும் மூடாமல் இருந்த உச்சிக்குழி, குழியாக இல்லாமல் மேடாக, விரலுக்கு இறுக்கமாக நின்றது. அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை.

மக்கள் எல்லாவற்றையும் மூளைக்காய்ச்சல் என்றுதான் சொல்வார்கள். கொசுவால் வருவதும் அதுதான், வைரஸால் வருவதும் அதுதான். இங்கே பேசுவது பாக்டீரியா வந்து மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் சீழ் பிடிக்க வைக்கிற மெனிஞ்சைட்டிஸ். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வலிப்பை அடக்கி, ரத்தம் எடுத்து, வீக்கத்தைக் குறைக்கிற டெக்சாமெதசோனும், ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரியாக்சோனும் முதல் டோஸ் போட்ட கையோடு முதுகுத் தண்ணீர் எடுத்தோம். நல்ல தண்டுநீர் சுனைத் தண்ணீர் மாதிரி இருக்கும்; குழாயைப் பிடித்துப் பார்த்தால் பின்னால் இருக்கிற எழுத்தை வாசிக்கலாம். இது அரிசி களைந்த தண்ணீர். ஒரு கன மில்லிமீட்டரில் 1,400 வெள்ளணுக்கள், 100-க்கு 90 நியூட்ரோஃபில். சர்க்கரை 14 மில்லிகிராம், அதே நேரம் ரத்தத்தில் 92. புரதம் 210. எல்லாமே பாக்டீரியா என்றுதான் சொல்லின. அரை மணி நேரத்தில் லேப் தம்பி போன் செய்தார்: "மேடம், ஊதா கலர்ல ஜோடி ஜோடியா நிக்குது." போய்ப் பார்த்தேன். ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய இரண்டு சின்ன விளக்குச் சுடர்கள், வெள்ளணுக்களுக்கு நடுவே அங்கங்கே. நிமோகாக்கஸ் என்கிற பாக்டீரியா. கிருமியின் கூறுகளைத் தேடுகிற லேடக்ஸ் பரிசோதனையும் அதையே சொன்னது. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. 2 நாள் சிரப்பின் வேலை அது. நோயைக் குணப்படுத்த அந்தச் சிரப் போதாது, கிருமியை வளர்த்துப் பார்க்க விடாமல் கெடுக்க மட்டும் போதும். அதனால் நிமோகாக்கஸில் இது எந்த வகை என்று கடைசி வரை தெரியவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு இன்றும் உறுத்தலாக இருப்பது அதுதான்.

சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செஃப்ட்ரியாக்சோனோடு வான்கோமைசினும் சேர்த்தோம். 3-ஆவது நாள் காய்ச்சல் இறங்கியது, 5-ஆவது நாள் பால் குடித்தாள், மொத்தம் 14 நாள் மருந்து ஓடியது. வலிப்பு மறுபடி வரவில்லை.

தடுப்பூசி அட்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதல் நாளே கேட்டேன். அம்மா பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். 6, 10, 14 வாரங்களில், ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் போட்டிருக்கிறது. நிமோகாக்கல் ஊசி 6-ஆவது வாரமும் 14-ஆவது வாரமும் போட்டிருக்கிறது. 9-ஆவது மாதத்துக் கட்டங்கள் காலி. அந்தச் சமயம் அப்பா வேலை பார்க்கிற தாராவியில் 5 மாதம் இருந்திருக்கிறார்கள். திரும்பி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஊர் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து, "வர்ற புதன்கிழமை தூக்கிட்டு வாங்க" என்று சொல்லிப் போயிருக்கிறார். அந்தப் புதன்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை குழந்தை எங்களிடம் இருந்தது.

இதில் யாரைக் குறை சொல்ல? ஒரு சின்ன ஆறுதலையும் பதிவு செய்கிறேன். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இப்படி வருகிற குழந்தைகளில் ஹிப் என்கிற ஹீமோஃபிலஸ் கிருமியைத்தான் முதலில் நினைப்போம். 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளாவும்தான் இந்தியாவிலேயே முதலில், ஹிப்புக்கும் சேர்த்துக் காவல் தருகிற பென்டாவேலன்ட் போட ஆரம்பித்தன. இன்று எங்கள் வார்டில் ஹிப் அபூர்வம். நிமோகாக்கல் ஊசி தமிழ்நாட்டு அட்டையில் ஏறியது 2021-ல். அதற்கு முன்னால் தனியாரிடம் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துப் போட முடிந்தவர்களுக்குத்தான்.

சரி, இரண்டு டோஸ் போட்ட குழந்தைக்கு ஏன் வந்தது? இரண்டு விடை இருக்கிறது. ஒன்று, 9-ஆவது மாத பூஸ்டர் விடுபட்டதில் எதிர்ப்பு சக்தி இறங்கிப்போயிருக்கலாம். இரண்டு, ஊசியில் இல்லாத வகையாக இருக்கலாம். நிமோகாக்கஸில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இந்தியாவில் தயாராகி இவளுக்குப் போட்ட ஊசியில் இருப்பது 10. எது என்று சொல்ல கல்ச்சர் வளர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் ஆச்சி கேட்டது வேறு. 6-ஆவது நாள் ரவுண்ட்ஸில், இந்தக் கிருமி சாதாரணமாக மூக்குக்குள்ளேதான் குடியிருக்கும், பல பேர் மூக்கில் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஆச்சி இடைமறித்தார்:

"போலியோவுக்கு வாயில சொட்டு விடுதிய. இது மூக்குல இருக்க பூச்சின்னா மூக்குலயே சொட்டு விட வேண்டியதான? அத விட்டுட்டு பச்சப்புள்ளைக்கு தொடையில போயி குத்துதிய."

உடன் இருந்த பயிற்சி டாக்டர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சளிச்சவ்வு வழியாகத் தடுப்பு மருந்து கொடுப்பதைப் பற்றி உலகமெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி இதுதான்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நம் பக்கத்துப் பழைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் தார்சா என்கிற முன்கட்டு, அப்புறம் பட்டாசல் என்கிற கூடம், உள்ளே நெல்லும் நகையும் வைக்கிற அரங்கு. மூக்கும் தொண்டையும் தார்சா. ரத்தம் பட்டாசல். மூளை அரங்கு. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என மூளைச்சவ்வைத் தாக்குகிற முக்கியமான மூன்று கிருமிகளுமே தார்சாவில் படுத்துக்கிடக்கிறவை. பெரும்பாலான நாள் அங்கேயே கிடந்து, ஒரு நாள் எழுந்து போய்விடும். எப்போதாவது, ஒரு வைரஸ் சளி வந்து சவ்வைப் புண்ணாக்கிய நேரம் பார்த்து, ஒன்று பட்டாசலுக்குள் நுழைந்துவிடும். தொடையில் போடுகிற ஊசி முக்கியமாகப் பட்டாசலுக்குக் காவல் போடுகிறது. ரத்தத்தில் ஐஜிஜி என்கிற எதிர்ப்பொருளை நிரப்பி வைக்கிறது. தார்சாவுக்கு உரிய காவல்காரர் வேறு ஆள். ஐஜிஏ என்று பெயர். சளிச்சவ்வுக்கு அடியில் இருக்கிற செல்களே செய்து, இரண்டிரண்டாகக் கோத்து, சளிக்குள் அனுப்பி வைக்கிற எதிர்ப்பொருள் அது. சளிச்சவ்வில் நேராகத் தொட்டால்தான் அது நன்றாகத் தூண்டப்படும்.

"அப்ப தார்சாவுல காவலே இல்லையா?" என்றார் ஆச்சி. இருக்கிறது, கொஞ்சம். அதைச் சொல்லாமல் விட்டால் ஊசிக்குத் துரோகம்.

இப்போது போடுகிற கான்ஜுகேட் ஊசிகள், கிருமியின் சர்க்கரைப் போர்வையை ஒரு புரதத்தோடு பிணைத்துச் செய்தவை. இவற்றால் ரத்தத்தில் ஐஜிஜி அவ்வளவு ஏறுகிறது, அதில் ஒரு பங்கு கசிந்து மூக்கு வரை வந்துவிடுகிறது. பிரிட்டனில் 1999-ல் மெனிங்கோகாக்கஸ் சி வகைக்கு ஊசி போட்டபோது போடாதவர்களுக்கும் நோய் குறைந்தது, போட்டவர்கள் தொண்டையில் கிருமி குறைந்ததால். புனேயில் தயாரான ஏ வகை ஊசியை 2010-ல் புர்கினா ஃபாசோவில் போட ஆரம்பித்த பிறகு ஆப்பிரிக்காவில் ஏ வகைக் கொள்ளைநோய் ஏறக்குறைய அடங்கியே போனது. ஊசியே தார்சாவைக் கூட்டிப் பெருக்கிவிட்ட உதாரணங்கள் இவை.

ஆனால் எல்லா ஊசியும் அப்படியில்லை. தென் ஆஸ்திரேலியாவில் 2017, 2018-ல் சுமார் 35,000 பள்ளி மாணவர்களை வைத்து, மெனிங்கோகாக்கஸ் பி வகைக்கான புரத ஊசி தொண்டையில் இருக்கிற கிருமியைக் குறைக்கிறதா என்று பார்த்தார்கள். குறைக்கவில்லை. போட்டவரை அது காப்பாற்றும். அவர் தொண்டையிலிருந்து பக்கத்து ஆளுக்குப் போவதைத் தடுக்காது.

இதைவிட நம் ஊருக்குப் பக்கமான உதாரணம் ஒன்று உண்டு. மேலப்பாளையத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். புறப்படும் முன் முகாமில் அவர்களுக்கு மெனிஞ்சைட்டிஸ் ஊசியும் போடுகிறோம், வாயில் போலியோ சொட்டும் விடுகிறோம். ஒரே மேஜையில் இரண்டு வழி. இந்த ஊசி இன்று மெனிங்கோகாக்கஸின் நான்கு வகைக்கும் சேர்த்து இருப்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஹஜ்ஜை ஒட்டி டபிள்யூ135 என்ற வகை பரவியது. அடுத்த ஆண்டு சிங்கப்பூரிலிருந்து போய் வந்தவர்களைச் சோதித்தபோது, ஊசி போட்டுக்கொண்டு போனவர்களில் சிலர் நோயில்லாமல் திரும்பினார்கள், ஆனால் தொண்டையில் அந்தக் கிருமியோடு. வீட்டில் இருந்தவர்கள் சிலருக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு இருந்த, புரதம் பிணைக்காத பழைய சர்க்கரை ஊசி போட்டவரின் ரத்தத்தைக் காத்தது, தொண்டையைக் காக்கவில்லை.

ஆகவே ஆச்சியின் கேள்வி நியாயமானது. மூக்கில் சொட்டு ஏன் இன்னும் வரவில்லை?

முதல் தடை, கிருமியே. மேலே சொன்ன மூன்று கிருமிகளும், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாதவை, ஒரே ஆயுதத்தை வைத்திருக்கின்றன: ஐஜிஏ1 என்கிற எதிர்ப்பொருளை நடுவில் பார்த்து வெட்டுகிற ஒரு நொதி. குழந்தையின் அம்மா பீடி இலையைத் தகட்டு அளவில் கத்தரிக்கிற மாதிரி, ஒரே இடத்தில், கச்சிதமாக. மூக்கில் இருக்கிற ஐஜிஏ பெரும்பாலும் இந்த ஐஜிஏ1 வகைதான். ஆக, வெறுமனே ஐஜிஏவைக் கூட்டினால் போதும் என்று கணக்குப் போட முடியாது. எலிகளில் நடந்த சோதனைகள் வேறொரு வழி காட்டின. கொன்ற நிமோகாக்கஸை முழுசாக மூக்கில் விட்டபோது, எதிர்ப்பொருள் இல்லாமலேயே, டிஹெச்17 என்கிற வெள்ளணுக்கள் வந்து கிருமியைத் துரத்தின. எந்த வகை என்று பார்க்காமல் துரத்தின என்பதுதான் விசேஷம். எங்கள் குழந்தையின் கிருமி ஊசியில் இருந்த 10-ல் ஒன்றா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஆனால் அந்த மருந்தை மனிதர்களில் சோதித்தபோது ஊசியாகத்தான் போட்டார்கள்.

காரணம், இரண்டாவது தடை. வெறும் புரதத்தை மூக்கில் விட்டால் உடம்பு அதைச் சாப்பாட்டுத் தூசி மாதிரி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தட்டி எழுப்ப ஒரு துணைப்பொருள் வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2000-ல் மூக்கு வழி ஃப்ளூ மருந்து ஒன்று வந்தது. துணைப்பொருளாக ஈ.கோலை கிருமியின் நச்சைச் சேர்த்திருந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் முகம் ஒரு பக்கம் கோணிப்போகிற பெல் வாதம் வழக்கத்தைவிடப் பல மடங்கு வந்தது. மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். மூக்கின் கூரைக்கு மேலே சல்லடை மாதிரி ஓர் எலும்பு, அதற்கு மேலே மூளை. அங்கே எதை விடுகிறோம் என்பதில் பயம் இருக்கத்தான் வேண்டும். ஆரோக்கியமான கைக்குழந்தைக்குக் கொடுக்கிற மருந்தில் நான் அந்தப் பயத்தின் பக்கம்தான் நிற்பேன்.

மூன்றாவது தடையைத் தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்கக் கூடாது. சொட்டு என்றால் நல்லது என்று நாம் நினைப்பதற்குப் போலியோ காரணம். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ இல்லை. ஆனால் 1970-களிலேயே வேலூரில் டி. ஜேக்கப் ஜான் கண்டு சொன்னது என்ன? மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு 3 முறை விட்டால் போதுமான சொட்டு, நம் குழந்தைகளுக்குப் போதவில்லை. ரோட்டா வைரஸ் சொட்டிலும் இதே கதை: இந்தியாவில் செய்த ரோட்டாவாக்கின் பலன் முதல் வருடத்தில் சுமார் 56 சதவீதம். ஏற்கெனவே பல கிருமிகள் நெருக்கியடித்துக் குடியிருக்கிற சளிச்சவ்வில் புதிதாக ஒன்றை விட்டால் அதற்கு இடம் கிடைப்பதில்லை என்பது ஒரு விளக்கம். வருடத்தில் பாதி நாள் மூக்கொழுகுகிற நம் பிள்ளைகளுக்கு மூக்குச் சொட்டு எவ்வளவு பிடிக்கும் என்பதை, இங்கே சோதித்துத்தான் சொல்ல முடியும். வேறு நாட்டு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

இவ்வளவையும் மீறி, எனக்குப் பிடித்த முயற்சி இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ராபர்ட் ரீடின் குழு செய்வது. மெனிங்கோகாக்கஸுக்கு ஒரு சாதுவான பங்காளி உண்டு, நைசீரியா லாக்டாமிகா. சின்னக் குழந்தைகளின் மூக்கில் தானாகவே குடியிருக்கும், நோய் தராது. அது அதிகமாக இருக்கிற வயதில் மெனிங்கோகாக்கஸ் குறைவாக இருக்கிறது. சரி, அதையே பிடித்து மூக்கில் விட்டால்? 300-க்கும் மேற்பட்ட மாணவர்களில் ஒரு பாதிக்கு உயிருள்ள அந்தக் கிருமியைச் சொட்டாக விட்டார்கள். 2015-ல் முடிவு வெளியானது. விட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது குடியேறியது. மெனிங்கோகாக்கஸ் குறைந்தது, சில மாதங்கள் வரை. துணைப்பொருளும் இல்லை, நச்சும் இல்லை. தார்சாவில் ஒரு நல்ல ஆளைக் குடிவைத்துவிட்டால் கெட்டவன் படுக்க இடமிருக்காது. ஆச்சிக்கு இதைச் சொன்னபோது, "அப்பிடிச் சொல்லுங்க, இது புத்தியுள்ள வேல" என்றார். கக்குவான் இருமலுக்கு இதேபோல் வலுவிழக்க வைத்த உயிர்க்கிருமியை மூக்கில் விடுகிற பிபிஇஸட்இ1 என்ற மருந்தும் மனிதர்களிடம் சோதனையில் இருக்கிறது. ஹைதராபாத்தில் தயாரான கொரோனா மூக்கு மருந்து 2023 ஜனவரியில் வெளிவந்தது. அது வைரஸுக்கு என்றாலும், செய்யவும் விற்கவும் இங்கே முடியும் என்பது தெரிந்துவிட்டது. நிமோகாக்கஸுக்கு இன்னும் மூக்குச் சொட்டு இல்லை.

குழந்தையின் அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை. 5 வயது, பள்ளிக்கூடம் போகிறவன், எப்போதும் மூக்கொழுகி. இந்த நோய்க்குச் சுற்றியிருப்பவர்களுக்கு மருந்தோ சோதனையோ வழக்கத்தில் இல்லை. எங்கள் நுண்ணுயிரியல் தோழி ஆர்வத்தில், வீட்டார் சம்மதத்தோடு, அவன் மூக்கின் உள்ளிருந்து ஒரு துடைப்பு எடுத்தார். மறுநாள் ரத்த அகார் தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சை வளையம், நடுவில் லேசாகக் குழிந்து, கேரம் காய் மாதிரி. நிமோகாக்கஸ். இதில் ஒன்றும் நிரூபணமாகாது. தங்கச்சியின் கிருமி வளரவில்லை, ஒப்பிட வழியில்லை. அந்த வயதில் எந்தப் பிள்ளை மூக்கில் துடைத்தாலும் இது கிடைக்கிற வாய்ப்பு அதிகம். தாராவியிலிருந்து வந்த ரயிலில் பக்கத்தில் இருந்தவர் கொடுத்ததாகவும் இருக்கலாம். ஆனால் வார்டுக்கு வந்த அத்தை ஒருவர் அதற்குள், "ஒன் மூக்குச்சளிதாம்ல புள்ளையப் படுக்க வச்சிட்டு" என்று அவனிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுக்க அவன் வராந்தாவிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. சோதனை செய்ததே தப்போ என்று தோன்றியது. அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என் மூக்கிலும் கிருமி இருக்கும், அந்த அத்தை மூக்கிலும் இருக்கும் என்று சொன்னேன். நம்பினானா தெரியவில்லை.

வீட்டுக்குப் போன 6-ஆவது வாரம் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். அதற்குள் ஒரு புதன்கிழமை, விடுபட்ட நிமோகாக்கல் ஊசியும் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் போட்டாகியிருந்தது. ஒரு முறை வந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்டார்கள். வந்தது ஒரு வகை, மற்ற வகைகள் இன்னும் வெளியேதான் இருக்கின்றன என்றேன். நடை திரும்பிவிட்டது, இரண்டு வார்த்தை பேசுகிறாள். பேரா எனப்படும் செவி நரம்புச் சோதனையில் வலது காது சரி. இடது காதில் நடுத்தர அளவு கேட்கும் திறன் குறைவு, நரம்பு வகை. இந்த நோய் விட்டுப்போகிற கணக்கில் இது சாதாரணம். காது மெஷினுக்கு எழுதிக் கொடுத்தோம். உள்காது எலும்பாக இறுகிப்போகிற அபாயம் இருப்பதால் 3 மாதத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும்.

இந்த அறிக்கையெல்லாம் வருவதற்கு முன்பே அண்ணன் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். எனக்குச் செய்து காட்டினான். அவளுக்கு இடப்பக்கம் நின்று கை தட்டினான். அவள் வலப்பக்கம் திரும்பி யாரென்று தேடினாள். இன்னொரு முறை தட்டினான், மறுபடியும் வலப்பக்கம். அப்புறம் அவனே நடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு தட்டினான். அவள் பார்த்துச் சிரித்தாள்.